ஆர்மோனியத்துக்கு ஓலை வேய்ந்தவர்

என் கல்யாணப் பேச்சு நடந்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் ஆர்மோனியப் பெட்டி என்னோடு வர வேண்டும். தினமும் விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம் வாசிப்பேன், அந்த நேரத்தில் யாரும் என்னை அடுப்படிக்குக் கூப்பிடக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருந்தவர்கள். மாமனாராக வரப்போகிறவர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பலகை வாங்குகிறவர் மாதிரி விரலால் தட்டிப் பார்த்தார். "பெட்டிதானே, அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது" என்று சம்மதம் சொன்னார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாமனார் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அப்பாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் அந்த 'பெட்டிதானே' பிடிக்கவில்லை.

நான் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காட்டுக்காரி. ஆற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவளுக்குத் தூத்துக்குடி லேசில் ஒட்டவில்லை. முகம் கழுவினால் உப்பு, உதட்டை நக்கினால் உப்பு, கொடியில் போட்ட சேலை காய்ந்தும் காயாமல் பிசுபிசுக்கும். வீட்டில் பேச்சும் உப்புதான். சரக்கு வந்தது, லாரி வரவில்லை, மழை வரப் பார்க்கிறது. பகல் முழுக்க நான் அந்த வீட்டில் யாரோ ஒரு மருமகள். சாயங்காலம் பெட்டியைத் திறந்து துருத்தியை இழுத்து 'ச' பிடித்த பிறகுதான் எனக்கு மூச்சே சரியாக வரும். அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் முதல் மாதமே பஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பேன்.

நான் வாசிக்கும்போது மாமா முன்கட்டில் சாய்வு நாற்காலியில் இருப்பார். முகம் தெரியாது, பேப்பர்தான் தெரியும். பாட்டு எப்படி இருக்கிறது என்று அத்தை ஒரு நாள் கேட்டதற்கு, சத்தம் நல்லாத்தான் இருக்கிறது, எதற்கு என்றுதான் தெரியவில்லை என்றாராம்.

அந்த ஐப்பசியில் தலை தீபாவளிக்கு நானும் என் வீட்டுக்காரரும் என் ஊருக்குக் கிளம்பினோம். பண்டிகைக் கூட்டத்தில் பஸ்ஸில் பெட்டியை ஏற்ற முடியாது. மழைக்காலமாயிற்றே, ஈரம் பட்டால் உள்ளே இருக்கிற பித்தளை ரீடுகள் கெட்டுவிடுமே என்று எனக்குக் கவலை. கிளம்பும்போது மாமாவிடம் போய், பெட்டியில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏளா, ஈரத்தப் பத்தி எங்கிட்டயா சொல்லுத? நீ போயிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்."

அங்கேதான் வினை பிடித்தது. மழை இறங்கிவிட்டால் உப்பளத்துக்காரருக்கு வேலை கிடையாது. அளத்தில் குவித்த உப்பை ஓலை போட்டு மூடிவிட்டு வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். சும்மா இருக்கிற மனிதரிடம் என் பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறேன். ஆற்றில் வெள்ளம் வந்து பஸ் நின்றுபோனதால் நான்கு நாளுக்கென்று போனவர்கள் இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பினோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே என் அறைக்குப் போனேன். மூலையில் என் பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில், இடுப்பு உயரத்துக்கு, பனை ஓலை வேய்ந்து கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய ஒரு உப்பு அம்பாரம் இருந்தது. சின்ன அம்பாரம்தான், ஆனால் அளத்தில் இருப்பதைப் போலவே சரிவெல்லாம் கச்சிதம். வேலைக்கு ஆள் வைக்காமல் தன் கையாலேயே வேய்ந்ததாகப் பின்னால் நின்ற மாமா பெருமையாகச் சொன்னார். வெளியே மட்டும் போட்டால் போதாது என்று பெட்டியின் மேல்பலகையைக் கழற்றி உள்ளேயும் நிரப்பியிருந்தாராம்.

என் முகத்தைப் பார்த்து அவர் குழம்பிப்போனார்.

"மீனு கெடுதா? மாங்கா கெடுதா? உப்புல கெடந்தது எது கெட்டுருக்கு, நீயே சொல்லு பாப்போம்."

ஊறுகாய்க்கும் ஆர்மோனியத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அழுது முடித்து நேரே அடுப்படிக்குப் போய்ச் சமைத்தேன். குழம்பில் உப்பு போடவில்லை, ரசத்தில் போடவில்லை, சோறு வடித்த கஞ்சியில்கூட ஒரு கல் போடவில்லை. தலைமுறை தலைமுறையாக உப்பு விற்கிற குடும்பம் இலையின் முன் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. உப்பு எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "எல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு" என்றேன். மாமா கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு எழுந்தார். அத்தை மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

மறுநாள் என் வீட்டுக்காரர் பெயின்ட் பிரஷ் கொண்டுவந்து ஒவ்வொரு இடுக்காகத் தட்டினார். கடவுள் புண்ணியத்தில் பெரும்பாலான கட்டைகள் பேசின. ஒன்று மட்டும் பேசவில்லை. அழுத்தினால் 'புஸ்' என்று காற்று போகும், அவ்வளவுதான். அது நடு ஸ்தாயியின் 'ம'.

ஒரு ஸ்வரம்தானே என்பார்கள் தெரியாதவர்கள். எனக்கு முன்பல் போன மாதிரி இருந்தது. பெட்டி ரிப்பேர் பார்க்கிறவர் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும், அவருக்குச் சொல்லி அனுப்பினால் இதோ அதோ என்று இழுத்தடித்தார். வேறு வழியில்லாமல் 'ம' இல்லாத ராகமாகத் தேடிப் பிடித்து வாசித்தேன். மோகனம், அதை விட்டால் ஹம்ஸத்வனி. மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் மோகனமாகப் பொழிந்தது. அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கோ சீக்கு என்பதுபோல, இன்றைக்கும் அதேதானா என்று தினமும் விசாரிக்க ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம் என்னை மறந்துவிட்டேன். அம்மா ஞாபகம் வந்து, அவள் பாடுகிற ஒரு பாட்டை எடுத்தேன். அதில் அடிக்கு அடி 'ம' வரும். முதல் அடியிலேயே விரல் அந்தக் கட்டைக்குப் போய், பெட்டி 'புஸ்' என்றது. சரி, மூடிவிடலாம் என்று நினைத்த அந்த நொடியில் முன்கட்டிலிருந்து, பேப்பருக்குப் பின்னாலிருந்து, ஒரு சத்தம்.

"மா..."

லாரி கியர் மாற்றுகிற மாதிரி இருந்தது. ஸ்ருதி அரைக்கால் விலகி நின்றது. ஆனால் 'ம'தான். இத்தனை நாள் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு, எது போயிற்று என்று அவர் காது குறித்து வைத்திருக்கிறது. நான் நிறுத்தவில்லை, அடுத்த அடிக்குப் போனேன். இடம் வந்ததும் மறுபடி "மா". பேப்பர் மட்டும் இறங்கவேயில்லை.

ஒரு மன்னிப்பு கேட்கவில்லை அந்த மனிதர். அதற்குப் பதிலாக 'ம'வாக வேலைக்குச் சேர்ந்துவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அளத்திலிருந்து எப்படியாவது வந்துவிடுவார். வியாபாரி யாராவது பேச்சை வளர்த்தால், வீட்டில் ஒரு ஜோலி இருக்கிறது அண்ணாச்சி என்று எழுந்துவிடுவாராம். ஒற்றை ஸ்வரத்துக்காகப் பனங்கற்கண்டு ஒரு டப்பா வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெந்நீர் கேட்டார். பனிக்காலத்தில் கழுத்தில் துண்டு சுற்றினார். வந்த விருந்தாளியிடம், நானும் மருமகளும் சேர்ந்து பாடுவோம் என்றதை என் காதாலேயே கேட்டேன். நாளாக நாளாக ஸ்ருதிக்கும் கிட்டத்தில் வந்தார். கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

மறு வருஷம், என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று, என் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் திருநெல்வேலி ரிப்பேர்க்காரரைக் கையோடு கூட்டி வந்தார். அவர் பெட்டியைப் பிரித்து, இன்னும் உள்ளே கிடந்த உப்பை வழித்துப்போட்டு, இதைச் சமையலுக்கா வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். களிம்பேறிய ரீடின் நாக்கை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று பொருத்தினார். நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவின் பாட்டையே எடுத்தேன். அந்த இடம் வந்தது. பெட்டி 'ம' என்றது, கணீரென்று, மயிரிழை பிசகாமல். முன்கட்டில் மாமா வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அளத்திலிருந்து வர இருட்டிவிட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. கற்கண்டு டப்பாவில் எறும்பு ஏறியது. நான் வாசித்தேன். எல்லா ராகமும் வாசித்தேன், எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை அந்தக் கட்டையைத் தொடும்போதும் கண் முன்கட்டுக்குப் போனது. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு என்ன வாசிப்பு என்று வெறுத்துப்போயிற்று. சங்கீதம் என்றால் உயிரை விடுகிறவள் நான், சுத்தமான 'ம' கிடைத்தும் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம். ரிப்பேர்க்காரர் செய்தது போலவே பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் உப்புப் பாத்திரத்தில் கையை விட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை என் கையைப் பார்த்தாள், திறந்து கிடந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

"பொடிசு கரைஞ்சிரும் ஏளா. நல்ல கல்லாப் பாத்து எடு."

நல்ல கல்லாகப் பார்த்து ஒன்று எடுத்து, புது நாக்கின் இடுக்கில் செருகிப் பெட்டியை மூடினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா வர வேண்டும் என்று அத்தை அளத்துக்கு ஆள் அனுப்பினாள். வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், பேப்பரை விரித்தார். நான் அம்மாவின் பாட்டை எடுத்தேன். இடம் வந்ததும் பெட்டி 'புஸ்' என்றது.

பேப்பர் அசைந்தது. டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அந்தத் திருநெல்வேலி ஆளை நம்பி ஒரு வேலையும் கொடுக்கக் கூடாது என்று மாமா யாருக்கோ சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் துருத்தியை நிறுத்தாமல், அவருக்காக அந்த அடியை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.