சம்பந்தப்பட்டவர் வெளியே நிற்கட்டும்

நகரப் பேருந்தில் நடத்துநராக இருக்கும் அவளுக்குக் கடைசி இருக்கை வரை எட்டும் குரல். அந்தக் குரலை அறக்கட்டளைக் கூட்டத்தில் மட்டும் ரெண்டு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

நடக்க முடியாதவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை அந்த அறக்கட்டளைதான் நடத்துகிறது. அக்காவைச் சக்கர நாற்காலியில் அங்கே விட்டுவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போகிறாள். "உங்க குடும்பங்கள் சார்பா ஒருத்தர் வேணும்மா" என்று குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

குழுவில் ஐந்து பேர். தலைவர், அவருடைய மாப்பிள்ளை, பல் டாக்டர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இவள். அங்கே ஒரு வழக்கம். கூட்டத்துக்கு முந்தின நாளே தலைவர் எல்லாருக்கும் போன் போட்டுவிடுவார். "சின்ன விஷயம்தான், சரின்னு சொல்லிடுங்க." மறுநாள் இல்லத்து மாடியில் கூட்டம் கூடியதும் அவர் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டு முடிப்பதற்குள், தூக்கிய கைகள் இறங்குகிற வழியில் பிஸ்கட்டை எடுத்திருக்கும்.

இந்தத் தடவை சின்ன விஷயம் என்னவென்றால், இல்லம் இருக்கும் கீழ்த்தளத்தை மாப்பிள்ளையின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வாடகைக்கு விடுவது; இல்லத்தை மாடிக்கு மாற்றுவது.

"மாடிக்கு எங்கக்கா எப்படி சார் ஏறுவா?"

"லிஃப்ட் வைப்போம்மா. பின்னாடி" என்றார் தலைவர்.

"அதுவரைக்கும்?"

மாப்பிள்ளை சிரித்தார். "அதுவரைக்கும் நாலு பேர் தூக்கிட்டா போச்சு."

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அக்கா என்ன அரிசி மூட்டையா? அக்காவுக்கு இங்கே இடமில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. உங்க விஷயத்த நீங்க இல்லாம பேசணும்."

"என்னம்மா இது? அவரு என் மாப்பிள்ளை!" என்றார் தலைவர்.

"அதனாலதான் சொல்றேன். நீங்களும் வெளிய போங்க."

"நானா? நான் தலைவர்!"

"டிரைவரோட மாமனாரா இருந்தாலும் எங்க பஸ்ல டிக்கெட் எடுக்கணும் சார்."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "நம்ம விதியும் அதத்தான் சொல்லுது. சம்பந்தப்பட்டவங்க எழுந்து போகணும்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுகிட்டேவா சார் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தீங்க?" அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமனாரும் மருமகனும் முணுமுணுத்துக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்கள். தலைமையாசிரியர் தலைவர் நாற்காலியின் விளிம்பில், சுட்டுவிடுமோ என்பதுபோல உட்கார்ந்தார். கதவு சாத்தியதுதான் தாமதம், பல் டாக்டருக்கு வாய் முளைத்துவிட்டது.

"சரியா சொன்னீங்கம்மா! தீப்பிடிச்சா மாடியிலேர்ந்து அவங்கள எப்படி இறக்கறது? எனக்கு ஆரம்பத்துலயே பிடிக்கல."

"எனக்கும்தான்" என்றார் தலைமையாசிரியர்.

இடமாற்றம் வேண்டாம் என்று மூன்று கைகள் உயர்ந்தன. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் இரண்டு பங்காயிற்று. "ரெண்டு பேருக்கும் பிடிக்கல. அப்போ யாருக்குத்தான் இது பிடிச்சுது? நான் வாயைத் திறக்கலன்னா என்ன பண்ணியிருப்பீங்க? கை தூக்கிட்டு பிஸ்கட் தின்னிருப்பீங்க!"

பிஸ்கட் தட்டு தொடாமல் அப்படியே இருந்தது.

வெளியே வந்தவளைத் தலைவர் வழிமறித்தார். "குடும்பம் மாதிரி இருந்த இடம்மா இது. கெடுத்துட்டியே."

"குடும்பம் மாதிரி இருந்ததாலதான் சார் கெட்டுது." நிற்காமல் படியிறங்கினாள்.

கீழே அக்கா சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசல் வரை வந்திருந்தாள். "என்னடி, சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. ஜெயிச்சுட்டியா?"

"என்னத்த ஜெயிச்சேன்? ரெண்டு பேர வெளிய நிக்க வைக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆயிருக்கு. பஸ்ஸுல அரை நிமிஷ வேலை அது, அக்கா!"