பின் கழற்றிய ஐந்து உறைகள்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஐந்து தபால் உறைகள் இருக்கின்றன. ஐந்தும் ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம். அனுப்பியவர்களின் முகவரிகள் மைசூருக்கு அப்பால் புகையிலை விளையும் ஐந்து வெவ்வேறு கிராமங்கள். அஞ்சல் முத்திரை மட்டும் ஐந்திலும் ஒன்றுதான்: பெங்களூர், ஒரே நாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் காலையில் அவற்றை என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். காரணம் பொறாமை. கௌரவமான வேறு சொல் இருக்கிறதா என்று பல வருடம் தேடிப் பார்த்தேன்; கிடைக்கவில்லை.

ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர் அலுவலகத்தில் நானும் ஒரு பெண் நிருபரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். அவர் பெங்களூரிலேயே, மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஒரே வயது, ஒரே சம்பளம், அடுத்தடுத்த மேசை. ஐந்து வருடத்தில் அவர் பெயர் முதல் பக்கத்தில் வந்தது. நான் வாசகர் கடிதப் பகுதிக்குப் பொறுப்பாளனானேன். அந்தப் பகுதியில் யார் பெயரும் வரும், பொறுப்பாளர் பெயரைத் தவிர.

அவரிடம் எனக்கு ஆகாதது எது என்று திட்டமாகவே சொல்ல முடியும். மாநில சுகாதாரத் துறை அப்போது அரசுப் பணத்தில் புகைப் பழக்கத்துக்கு எதிராக ஒரு திட்டம் நடத்தியது. பள்ளிகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் ஒரு சுகாதார அதிகாரி செயல்விளக்கம் காட்டுவார். கண்ணாடிப் புட்டிக்குள் பஞ்சு வைத்து, மூடித் துளையில் எரியும் சிகரெட்டைச் செருகி, ரப்பர் பந்தால் புகையை உறிஞ்ச வைப்பார். மூன்று நிமிடத்தில் வெள்ளைப் பஞ்சு கஷாய நிறமாகிவிடும். அல்சூர் நிறுத்தத்தில் அதைப் பார்க்க நானும் போயிருந்தேன். அன்று அதிகாரி சிகரெட் கொண்டுவர மறந்துவிட்டார். என் சக நிருபர் டீக்கடையில் புகைத்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரரிடம் போய், "ஒந்து கொடி அண்ணா, வாபஸ் கொட்தீனி" என்றார். ஒன்று கொடுங்கள், திருப்பித் தந்துவிடுகிறேன் என்று கன்னடத்தில். ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே பெட்டியையே நீட்டினார். பஞ்சைப் பார்த்த பிறகு மிச்சத்தைப் பையில் வைக்கத் தயங்கி நின்றார். அந்தத் தயக்கம் மறுநாள் கட்டுரையின் முதல் வரியாக வந்தது. நானும் அதே இடத்தில்தான் நின்றேன். என் குறிப்பேட்டில் புட்டியின் அளவு இருந்தது.

அது மூன்று பாகத் தொடர். முதல் பாகம் திட்டத்தைப் பற்றியது. இரண்டாவது, சில பள்ளிகளில் புட்டிக்குப் பதிலாக ஒரு சிகரெட் கம்பெனி இலவசமாகத் தந்த வண்ணப் புத்தகம் வந்திருப்பதைப் பற்றியது. 'புகைப்பது பெரியவர்களின் முடிவு, நீ வளரும்வரை பொறு' என்பது அந்தப் புத்தகத்தின் சாரம். நோய் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. அரசுத் திட்டத்தை நிறுத்திவிட்டு இந்தப் புத்தகத்தைக் கொண்டுவர யார் யார் பேசுகிறார்கள் என்பது மூன்றாம் பாகமாக வர இருந்தது.

இரண்டாம் பாகம் வந்த மறுநாள் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி ஆசிரியர் அறைக்கு வந்தார். மிக மரியாதையானவர். "சின்னப் பசங்க பிடிக்கக் கூடாதுன்னுதான் சார் நாங்களும் சொல்றோம்" என்று அவர் சொன்னது கதவு வழியே கேட்டது. அடுத்த வாரம் என் மேசைக்கு ஐந்து கடிதங்கள் வந்தன. திட்டத்தால் தங்கள் பிழைப்பு போகிறது என்று ஐந்து விவசாயிகள் எழுதியிருந்தார்கள். ஐவருக்கும் கன்னடப் பெயர். ஐந்தும் ஒற்றுப்பிழைகூட இல்லாத தமிழ். எந்த மொழிப் பத்திரிகைக்கு எந்த மொழி என்று பார்த்துப் பார்த்துத் தயாரித்தவர்களுக்கு, கிராமத்துக்குப் போய்த் தபாலில் சேர்க்கத் தோன்றவில்லை. இதைக் கவனிப்பதுதான் என் வேலை. கவனித்தேன். ஐந்தையும் ஒரே நாளில், கட்டம் கட்டி வெளியிட்டேன்.

ஆசிரியர் தொடரை நிறுத்தினார். "அந்த லெட்டர் பொய்யின்னு காட்டும்மா, மூணாவதை நாளைக்கே போடறேன்" என்றார் என் சக நிருபரிடம். அவர் நேரே என் மேசைக்கு வந்தார்.

"சார், அந்த அஞ்சு லெட்டரோட கவர் வேணுமே."

"கிழிச்சுப் போட்டாச்சு மேடம்."

"அஞ்சுமா?"

"அஞ்சும்தான்."

"ஒரு மாசம் வைக்கணும்னு ரூல் போட்டதே நீங்கதானே சார்? பின் குத்தலைன்னா அட்டெண்டரை அந்தத் திட்டு திட்டுவீங்க" என்று சிரித்தார். கடிதத்தோடு உறையைப் பின் குத்தி வைப்பது எங்கள் வழக்கம். அன்று காலை நானே பின்னைக் கழற்றியிருந்தேன். உறைகள் இருந்த பை என் நாற்காலியின் முதுகில், அவர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் பாகம் வரவேயில்லை. எங்கள் கடிதப் பக்கம் துறையின் கோப்பில் பொதுமக்கள் எதிர்ப்பு என்று சேர்ந்தது. திட்டம் 'மாற்றியமைக்கப்பட்டது'. அதிகாரி வேறு பிரிவுக்குப் போனார். மர்பி டவுனில் என் சக நிருபர் படித்த பள்ளிக்கும் வண்ணப் புத்தகம் வந்து சேர்ந்தது. மறு வருடம் அவர் ஓர் ஆங்கில நாளிதழுக்குப் போனார். அங்கும் முதல் பக்கம்தான். தினமும் அவர் கட்டுரையைச் சிவப்புப் பென்சிலோடு படித்தேன், ஒரு பிழையாவது கிடைக்கும் என்று.

பல வருடம் கழித்து, பொது இடங்களில் புகைக்கத் தடை வந்த பிறகு, அந்தச் சுகாதார அதிகாரியின் ஓய்வுபெறும் விழாவில் என் பழைய சக நிருபரைப் பார்த்தேன். மேடையில் பழைய புட்டி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது உறைகள் என்னிடம் இருப்பதைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார்" என்றார், தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு. "அன்னிக்கு சாயங்காலமே உங்க குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்துட்டேன். பின்னாடி இருந்த பெரிய தொட்டியையும். ஆரஞ்சுத் தோலுதான் இருந்துச்சு. அப்ப உங்ககிட்டதான் இருக்குன்னு ஆயிடுச்சு."

"ஏன் கேக்கல?"

"ஒரு தடவை கேட்டேனே சார். நாளைக்குக் கொண்டாந்து வைப்பீங்கன்னு பத்து நாள் பார்த்தேன்."

அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது வேறு. தொட்டியைக் கொட்டிப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காதே என்பதுதான்.

உறைகளைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னேன். "எனக்கு எதுக்கு? மூணாவது பார்ட்டை நீங்களே எழுதுங்க. இந்தத் தடவை உங்க பேர்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டு, பாயசத்துக்குத் தட்டை நீட்டினார்.

உறைகளை இப்போது மேசைமேல் வரிசையாக வைத்திருக்கிறேன். முத்திரை மங்கவில்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் பின் இருந்த இரண்டு துளைகள், சுற்றிலும் லேசான துரு. மூன்றாம் பாகத்துக்கு அவர் சேகரித்திருந்த பெயர்கள் என்னிடம் இல்லை. அவற்றை அவர் யாரிடமும் சொன்னதில்லை. திட்டத்தை நிறுத்தியவர்களில் எனக்குத் தெரிந்த ஒரே பெயரைத்தான், என்னுடையதை, இந்தக் கட்டுரையின் கீழே போட்டிருக்கிறேன்.