நாலு பக்கமும் தட்டி

மேஸ்திரி முனிரத்தினம் செத்துப்போனார். திங்கட்கிழமை காலை, மண்டியில் தோல் இறக்கிக்கொண்டிருந்தபோது ஆம்பூர் வண்டிக்காரன் வந்து சொன்னான். காய்ச்சலா என்று கேட்டேன். "இல்லீங்க, உள்ள போன மூச்சு வெளிய வரல" என்றான்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அவரும் ஒரே நாளில் கூலிக்குச் சேர்ந்தோம். தோல் பதனிட ஆவாரம்பட்டையை இடித்துத் தூளாக்கும் கொட்டகை அது. தூள் பறந்தால் முதலாளிக்கு நஷ்டம் என்று நாலு பக்கமும் தட்டி கட்டியிருக்கும். மாலையில் இமை மீசையெல்லாம் பழுப்பேறி வெளியே வருவோம். நான் இரண்டு வருடத்தில் தோல் வியாபாரத்துக்குப் போய்விட்டேன். அவர் பன்னிரண்டு வருடம் அங்கேயே இடித்தார்.

நான் சொந்தக் கிடங்கு வைத்ததும் அவரை மேஸ்திரியாக அழைத்துக்கொண்டேன். காயப்போட்ட தோல் வரிசையில் பத்தடிக்கு ஒருமுறை நின்று ஒரு தோலைப் புரட்டுவார். கறார் ஆள் என்று கூலிக்காரர்கள் நடுங்குவார்கள். நானும் அப்படித்தான் நினைத்து மெச்சிக்கொண்டேன். ஒருநாள் அவர் புரட்டிய தோலைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இன்னா பழுது என்று கேட்டேன்.

"பழுது தோல்ல இல்லப்பா" என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது.

க்ஷயம் என்று பயந்து பட்டணத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். க்ஷயம் இல்லை, எம்ஃபிசிமா என்றார் டாக்டர். நுரையீரலில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றறைகள் சுவர் கிழிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, தளர்ந்துபோகுமாம். காற்று உள்ளே போகும். முழுக்க வெளியே வராது. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும் வியாதி. கெட்டது கெட்டதுதான், திரும்பாது. புகையும் தூசியும் படாமல் இருந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். ரயிலில் மேஸ்திரி சிரித்தார்: "சுண்ணாம்புல ஜாஸ்தி நாள் கெடந்த தோலு. இழுத்தா வரும், சுருங்காது."

அப்போது கிடங்கை ஒட்டி நான் போட்டிருந்த கொட்டகையில் அவர் மருமகன் பட்டை இடித்துக்கொண்டிருந்தான். அங்கேயும் நாலு பக்கமும் தட்டி. கட்டச் சொன்னவன் நான்.

மறுநாள் மேஸ்திரி அந்தத் தூசிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க மாட்டேன் என்றார். உலக்கைகள் நின்றன. மருமகனை எடை போடும் இடத்துக்கு மாற்றுகிறேன் என்றேன்.

"அவன் எடத்துக்கு எவன் வருவான்?"

மண்டி வழக்கப்படி, யாருக்கும் தெரியாமல் விரல் தொட்டு விலை பேசுகிறவன் போலத் துண்டைப் போட்டு, அதன் அடியில் அவர் கையைப் பிடித்தேன். துண்டை உதறினார்.

"வாயால சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம்தான் இருந்தார்.

இப்போது மண்டி மாடிப்படியில் பாதியில் நானும் நிற்கிறேன். யாராவது பார்த்தால் மடியில் எதையோ தேடுவதுபோல் காட்டிக்கொள்கிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அன்று கொட்டகையில் எல்லார் முன்னும் பேசிய பேச்சுதான். மூன்று பக்கத் தட்டியை அவிழ்ப்பது. தண்ணீர் தெளித்த பிறகே பட்டை இடிப்பது. எவனையும் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வைப்பதில்லை. பறந்துபோகும் தூள் என் நஷ்டம்.