பதினோரு முறை அணைந்த விளக்கு

தெருவில் அவரை டிரெய்லர்காரர் என்று சொன்னால்தான் தெரியும். நாற்பதடி வண்டியை முட்டுச்சந்துக்குள் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்துகிற மனுஷர். முப்பது வருஷ ஓட்டத்தில் ஒரு பூந்தொட்டியைக்கூட உரசியதில்லை.

மாதத்தில் இருபது நாள் அவருக்கு வண்டிதான் வீடு. அதனால் மகள் கல்யாணமாகிப் போகும்போது வீட்டையே அப்பாவின் செல்போனுக்குள் வைத்துவிட்டுப் போனாள். வாசல் விளக்கு, மோட்டார், கேட் பூட்டு எல்லாம் அவர் விரல் நுனியில். தொட்டி நிரம்பினால் எங்கோ ஒரு நெடுஞ்சாலையோரம் நின்று மோட்டாரை நிறுத்துவார். "வீட்டுல இருக்கறப்போ ஒரு பல்பு மாட்டினதில்ல, வெளியூர்ல இருந்து நிர்வாகமாக்கும்" என்று மனைவி நொடிப்பாள்.

அந்த வாசல் விளக்கு அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகிப் போனது. இவர் போனில் அணைப்பார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிச் சுவரிலுள்ள சுவிட்சைப் போடுவாள். முதலில் விடுகிறவர் தோற்றவர். அடுத்து அவர் வீடு வரும்போது டீ போடுவது தோற்றவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர்கள் ஆடுகிற ஆட்டமா அது? ஆனால் ஆடினார்கள்.

அந்த முறை வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவர், இன்னொரு லோடு ஏற்றிக்கொண்டார். "வராதீங்க, அங்கயே குடும்பம் நடத்துங்க" என்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் துறைமுக வாசலில் வரிசையில் நின்றபோது செல்போன் சிணுங்கியது. வாசல் விளக்கு எரிகிறது. கோபம் தணிந்து வம்புக்கு இழுக்கிறாள் என்று அவருக்கு மனசு குளிர்ந்தது. அணைத்தார். எரிந்தது. அணைத்தார். இப்படிப் பதினோரு தடவை. அதன் பிறகு எரியவில்லை. "டீ நீதான்டி போடணும்" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வண்டியை உள்ளே எடுத்தார்.

அவளுக்கு வந்தது பக்கவாதம். பேச்சு போய், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள். செல்போன் சமையலறையில் இருந்தது. கைக்கு எட்டியது சுவிட்ச் ஒன்றுதான். மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள். "நேத்து சாயங்காலமே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

உறவுகள் எல்லாம் கலைந்த பிறகு எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து அவர் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பத்து நாளில் பாதியாகியிருந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு அக்காவுக்குத் தைச்ச ஜாக்கெட்ட எடுத்துக்கிட்டு வந்தேன். கேட்டுல கை வைக்கிறேன், வாசல் விளக்கு அணைஞ்சிருச்சு. சரி, அக்கா படுத்துட்டாங்க போலன்னு திரும்பிட்டேன். அது எரிஞ்சிருந்தா கதவத் தட்டியிருப்பேன். பாவி நான்தாண்ணே கொன்னுட்டேன்."

அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மகளுக்குக்கூடத் தெரியப்போவதில்லை. பழியை இந்தப் பெண்ணே சாகும்வரை சுமந்துகொண்டு திரிவாள்.

"நீ இல்லம்மா. நான்தான் அணைச்சேன்."

"நீங்க ஊர்லயே இல்லையேண்ணே" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தாள் போலும்.

அவர் செல்போனைத் திறந்து, அன்றைய பட்டியலை எடுத்து அவளிடம் நீட்டினார். எரிந்தது, அணைத்தது; எரிந்தது, அணைத்தது. நேரம் நிமிஷம் பிசகாமல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் எரிவதற்கு முந்தைய தடவையைவிட அதிக நேரம் ஆகியிருந்தது. தையல்காரம்மா கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.