பூதக்கண்ணாடியின் ஒற்றைத் தோடு

ஏலக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்தம் பார்ப்பவள், லீவு கிடைத்தால் மற்றவர்களைப் போலத் தூங்க வேண்டியதுதானே? மாட்டாள். ஒரு லென்ஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பழைய நகை, சாமான் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒட்டவைத்த கல், மாற்றிய கொக்கி, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்தான் அவளுக்கு எமனாக வாய்த்தது. ஏலத்துக்கு முதல்நாள் நகைகளைத் தட்டில் பரப்பி எல்லோரையும் பார்க்கவிடுவார்கள். அவள் எதன்மேல் லென்ஸை வைக்கிறாள் என்று வியாபாரி மொட்டையும் அவன் மச்சானும் நோட்டம் விடுவார்கள். மறுநாள் அதையே கேட்டு, அவளுக்கு எட்டாத விலைக்கு ஏற்றித் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஓசிக் கண்ணில் பிழைக்கிற ஜென்மங்கள்!

"உங்க கண்ணு நல்லா இருக்கணும்மா" என்று மொட்டை வாழ்த்து வேறு சொல்வான். அவளுக்கு வயிறு எரியும்.

அவள் ஜெயித்தது ஒரே ஒரு முறை, மொட்டை காய்ச்சலில் படுத்த வாரம். கிடைத்தது ஒற்றைத் தோடு. பச்சைக்கல் பதித்த இலை, காம்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அப்படியானால் வலப்பக்கம் சாய்ந்த ஜோடி எங்காவது இருக்கத்தானே வேண்டும்? வருஷக்கணக்காகத் தேடினாள். கடைசியில் ஏலப் பட்டியலில் அதன் படத்தைப் பார்த்துவிட்டாள்.

அன்றே கணவரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், பரம சாது. நகை விஷயத்தில் சுத்த சூனியம்.

"நாளைக்கு நான் வேற எதையாவது பாத்து உருகுவேன். தோட்டைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். ஏலத்தன்னிக்கு நான் முன்னால உக்காந்து அவனுங்களுக்கு வேடிக்கை காட்டறேன். நீங்க கடைசி வரிசையில இருந்து தோட்டைக் கேளுங்க. புரியுதா?"

"புரியுது, புரியுது" என்றார்.

மறுநாள் ஜோராக நடித்தாள். சேலையில் குத்திக்கொள்ளும், கலர் கண்ணாடியில் செய்த ஒரு பூ ப்ரூச்சை எடுத்தாள். மார்பில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், கண்ணைக்கூடக் கலங்க வைத்தாள். மொட்டைக்கு மூக்கு வியர்த்துவிட்டது. வாசலில் நின்று கணவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலத்தில் தோடு முதலில் வந்தது. நாற்காலி வாங்க வந்த ஓர் அம்மா சும்மா ஏல அட்டையைத் தூக்கினாள். மொட்டை அசையவில்லை. மச்சான் கொட்டாவி விட்டான். எல்லாம் திட்டப்படி. ஆனால் பின்னாலிருந்து குரலைக் காணோமே! என்ன பண்ணுகிறார் மனுஷன்? திரும்பிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சுத்தியல் விழுந்தது.

அடுத்து ப்ரூச். மொட்டை கேட்டான். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கூடுதல் விலை கேட்டது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். மொட்டை ஏற ஏற அதுவும் ஏறியது. மொட்டை களைத்து உட்கார்ந்தான்.

வாசலில் அவர் முகமெல்லாம் பல்லாக ப்ரூச்சை நீட்டினார்.

"தோடு எங்க?"

"தோடு கெடக்குது. நேத்து இந்தப் பூவைப் பாத்து உன் கண்ணு கலங்குச்சே. செலவுக்குப் பயந்து நீ ஆசைய மறைக்கிறேன்னு நெனச்சேன்."

"அது நடிப்புங்க! நடிக்கப் போறேன்னு சொன்னேனே!"

"சொன்னே. ஆனா இப்படி நீ எதையும் பாத்து நான் பாத்ததே இல்லையே."

திட்ட நேரமில்லை. நாற்காலி அம்மாவிடம் ஓடினாள்.

"அதோட ஜோடி என்கிட்ட இருக்கும்மா. எனக்குக் குடுத்துடுங்க."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அட! ஒத்தையாச்சே, கல்லைக் கழட்டிடலாம்னு இருந்தேன். அப்ப உங்களோடதை எனக்குக் குடுத்துடுங்களேன்!"

இருவருமே கொடுக்கவில்லை.

அடுத்த ஏலத்துக்கு முதல்நாள் மொட்டையும் மச்சானும் அவள் கணவரை விட்டு நகரவில்லை. "சார், அந்த ப்ரூச்சுல அப்படி என்னதான் சார் இருந்துச்சு?" என்று கெஞ்சினார்கள். அவர் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அவர்களும் அதைப் பார்த்தார்கள்.

அவள் தட்டின் முன் தனியாக நின்று லென்ஸை எடுத்தாள். ஒருவரும் திரும்பவில்லை. இதற்காகத்தானே இத்தனை வருஷம் ஏங்கினாள்? நகை தெரியாத மனுஷனுக்கு இந்த மவுசா என்ற ஆத்திரத்தில் கண் கலங்கியது, இந்தத் தடவை நிஜமாகவே. தட்டில் இருந்த எதுவும் சரியாகத் தெரியவில்லை.