பங்குனி வெயிலில் பள்ளிக்கூடத்துக்கு மைக் கட்டினேன்

மைக் செட்டு வேலை என்பது, பேசத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் ஊருக்குக் கேட்க வைத்துவிட்டு, நாம் மட்டும் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. பந்தல் போடுகிறவர்களே, சமையல்காரர்களே, வீடியோ எடுக்கிறவர்களே, என்னைப் போலக் கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாம்பார் சாப்பிடுகிற எல்லாருமே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் நன்றாக வந்தால் பேசியவருக்குக் கைதட்டல். கொய்ங் என்று ஒரு சத்தம் வந்துவிட்டால் மட்டும் மொத்த சபையும் திரும்பி நம்மைப் பார்க்கும்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். திருமுல்லைவாயிலில் ரொம்ப வருஷமாகச் செட்டு வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் என்ன பாட்டு போட்டேன் என்பது எனக்கு மறந்துவிடும். அந்தக் கல்யாணத்தில் எனக்கு அப்பளம் வைக்காமல் போனவன் முகம் மறக்காது. இங்கே எழுதுவது, போன தை மாதத்திலிருந்து சித்திரை வரை எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு மைக் கட்டியபோது நடந்தவை. எல்லாம் பெருமையான விஷயங்கள்தான். நடுவில் சிலர் மேல் எனக்கு இருக்கும் கோபமும் வரும். அது இல்லாமல் எனக்குச் சொல்ல வராது.

கூம்பு பார்த்த திசை

தை மாதம் எங்கள் பள்ளிப் பெண்பிள்ளைகள் கோ-கோ ஆட்டத்தில் மாவட்ட அளவில் ஜெயித்துவிட்டார்கள். ஆளுக்கொரு நிறத்தில் பனியன் போட்டு ஆடி, ஒரே நிறத்தில் பனியனும் ஷூவும் போட்ட பள்ளிகளை எல்லாம் உட்கார வைத்துவிட்டு வந்தார்கள். காலைக் கூட்டத்தில் பாராட்டு வைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை சரோஜா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

பள்ளிக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி இருக்கிறது. அவர்கள் விளையாட்டு விழாவுக்குப் பல வருஷம் நான்தான் மைக். ஒரு வருஷம் டி.ஜே. ஆட்களைக் கூட்டி வந்து நிறுத்திவிட்டு, அதன் தாளாளர் என்னைப் பார்த்து, "உன் செட்டு சாவு வீட்டுக்குத்தான் லாயக்கு" என்றார். சுற்றி நாலு பேர் நின்று சிரித்தார்கள். அந்த நாலு பேரும் யார் என்று எனக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு வேப்பமரத்தில் ஏறிக் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டியபோது, அதன் வாயைச் சாலைப் பக்கம் திருப்பிக் கட்டினேன். "பிள்ளைங்க இந்தப் பக்கம் நிக்கிறாங்களே, ஏன்ணே அந்தப் பக்கம் திருப்பிட்டீங்க?" என்று மேடம் கேட்டார். காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது என்றேன். மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

ஒவ்வொரு பெண்ணின் பேராகப் படித்தார்கள். முடிப்பதற்குள் மெட்ரிக் பள்ளி வாட்ச்மேன் சாலையைத் தாண்டி ஓடிவந்தார். "அண்ணாத்தே, எங்க சாரு சவுண்டைக் கம்மி பண்ணச் சொல்றாரு" என்றார். நான் காத்திருந்ததே அதற்குத்தான். "ஏன், சாவு வூட்டு செட்டு அவருக்கு அவ்வளவு நல்லா கேக்குதாமா?" என்றேன். வாட்ச்மேன் ஒரு தடவை திரும்பித் தன் கேட்டைப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து சொன்னார்: "அத்த வுடு. நடுவுல கோமதின்னு ஒரு பேரு படிச்சாங்களே, அது எம் பொண்ணு. இன்னொருவாட்டி படிக்கச் சொல்லு, அப்பால கம்மி பண்ணிக்கோ."

தண்ணி லாரி பக்கத்தில் ஒரு கேள்வி

அந்த டீமைப் பழக்கியவர் மலர்விழி டீச்சர். ஒண்ணாம் வகுப்பையும் ரெண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் எடுப்பவரும் அவர்தான். மாசி மாதம் சரோஜா மேடம் ஒரு கவலையைச் சொன்னார். இந்த வருஷம் ஒண்ணாவதில் போதுமான பிள்ளைகள் சேராவிட்டால், ஆசிரியர் ஒருவர் 'உபரி' என்று ஆகிவிடுவார். உபரி என்றால் இந்தப் பள்ளிக்கு அதிகப்படி. வேறு பள்ளிக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர் யாரோ அவர்தான் போக வேண்டும். அது மலர்விழி டீச்சர்.

ஆகவே என் மச்சான் ஏகாம்பரத்தின் குட்டியானை வண்டியில் மைக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினோம். டீச்சர் பின்னால் நின்றுகொண்டு, கோ-கோ கோப்பையை ஒரு கையிலும் மைக்கை ஒரு கையிலும் பிடித்துப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு முனையில் தண்ணி லாரி நின்றிருந்தது. குடத்தோடு நின்ற ஒரு அம்மா, "இந்தா டீச்சரே, ஊர்ப் புள்ளைங்களை எல்லாம் வா வான்னு கூப்புட்டுகினு கீறியே, உம் புள்ள எங்க படிக்குது?" என்று கேட்டுவிட்டார். அரசுப் பள்ளி ஆசிரியரை இதைவிட வகையாக மடக்கும் கேள்வி கிடையாது. என் கை தானாகவே சத்தத்தைக் குறைக்கப் போனது. வேண்டாம் என்று டீச்சர் தலையாட்டினார். மைக்கிலேயே பதில் சொன்னார். "எங்கிட்டத்தாங்க படிக்கிறான், ஒண்ணாவது. வீட்டுலயும் நான், ஸ்கூல்லயும் நான். இந்த ஏரியாவுலயே பாவப்பட்ட பையன் அவன்தான்!" லாரிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். குடத்துக்கார அம்மா, "அப்ப எம் பையனையும் சேத்துக்கோ, ஒண்டியா மாட்டிக்கினு முழிக்கிறான், தொணைக்கு ஒருத்தன் வேணாமா" என்று அங்கேயே பேர் கொடுத்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது வண்டி அடுத்த தெரு திரும்பும் வரைதான். என் பேரனுக்கும் ஒண்ணாவது சேரும் வயசு. என் மகனோ அதே மெட்ரிக் பள்ளிக்கு மனுப் போட்டிருந்தான். அன்றிலிருந்து அவனிடம் நான் நேராகப் பேசுவதில்லை. சட்னி வேண்டும் என்றால்கூட மனைவி வழியாகத்தான் சொல்வேன். ஏகாம்பரத்துக்கு இது தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நல்லவேளை மாமா, அந்தம்மா அந்தக் கேள்வியை உன்னாண்ட கேக்கல."

மேடையில் மட்டும்

ஆண்டு விழாவில் பேசுகிறவர்களை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். மைக்கைத் தின்றுவிடுவது போலப் பேசுகிறவர்கள், மைக் எங்கோ இருக்க வேறெங்கோ பார்த்துப் பேசுகிறவர்கள். ஏழாவது படிக்கும் பூனம் இந்த இரண்டிலும் இல்லை. பீகார்க்காரப் பெண். தமிழ்ப் பேச்சுப் போட்டியில் வட்டார அளவில் முதல் பரிசு வாங்கியவள். மேடை ஏறினாள், மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள், ஏரி குளங்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் வரவில்லை.

அவள் அப்பா பாடியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். ஷிப்டு முடிந்து, கையில் ஆயில் கறையோடு வந்தவர், நாற்காலிகளுக்கு நடுவே போகக் கூச்சப்பட்டு என் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கைதட்டல் வரும்போதெல்லாம் அவரும் தட்டினார். "உம் பொண்ணு என்ன பேசுதுன்னு புரியுதா?" என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சம் என்று விரலால் காட்டினார். பிறகு ரகசியம் போலச் சொன்னார்: "ஊட்ல நான் தமிள் பேசினா, தப்பு தப்புன்னு என்னைத் திட்டுது சார். மைக் குடுத்தா யாரையும் திட்டல, நல்லா பேசுது. இந்த மைக் எங்க ஊட்டுக்கு ஒண்ணு கெடைக்குமா?"

மாப்பிள்ளை யாரு?

பங்குனியில் பெற்றோர்கள் எல்லாரும் சேர்ந்து பள்ளிக்குச் சீர் கொண்டுபோனார்கள். பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோவது போலவே, தாம்பாளங்களில் வைத்துத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போவது. தாம்பாளத்தில் புடவை, நகைக்குப் பதிலாக நோட்டு, பந்து, சுவர்க்கடிகாரம், தண்ணீர் வடிகட்டி. பின்னால் நாற்காலிகளும் ஒரு பீரோவும். பிள்ளைகளைச் சேர்க்க ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

தாம்பாளத்தைப் பார்த்தால் என் கை எங்கே போகும் என்பது மைக் செட்டுக்காரர்களுக்குத் தெரியும். பழக்கத்தில் மங்கல நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டேன். நாதஸ்வரம் முடிந்ததும் தானாகவே அடுத்ததாகப் பதிவுக் குரல் வரும் என்பதை மறந்துபோனேன். வந்தது. "மணமக்களை வாழ்த்த வருகை தந்திருக்கும் அனைவரையும் இரு வீட்டார் சார்பிலும் வருக வருக என வரவேற்கிறோம்!" நான் பென் டிரைவைப் பிடுங்குவதற்குள் ரெண்டு தெருவுக்குக் கேட்டுவிட்டது. வீட்டுக்கு வீடு வாசலில் ஆள். "மாப்பிள்ளை யாரு?" என்று ஒருவர் கேட்க, "மாப்பிள்ளை எல்லாம் அஞ்சு வயசு, இஸ்கூலுக்கு வந்தா பாக்கலாம்" என்று ஏகாம்பரம் வண்டியிலிருந்தே கத்தினான்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து எங்கள் பக்கம் புதிதாக வீடு கட்டி வந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பம், நன்றாக உடுத்திக்கொண்டு பிள்ளையோடு ஊர்வலத்தில் நடக்க ஆரம்பித்திருந்தது. பள்ளி வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மா முகம் போன போக்கைப் பார்த்து நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். "அப்பம் கல்யாணச் சாப்பாடு கெடையாதா?" என்றார். சரோஜா மேடம் விடவில்லை. "உண்டும்மா. காலையிலயும் உண்டு, மத்தியானமும் உண்டு, பிள்ளைக்கு மட்டும்" என்று சொல்லி, ஒண்ணாம் வகுப்பு அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மலர்விழி டீச்சர் அந்தப் பையனிடம் ஒரு பந்தைக் கொடுத்தார். அவன் திருப்பித் தரவில்லை. அரைமணி கழித்து அந்த அம்மா வெளியே வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சரி, எம் மவன் சாப்பிடட்டும். நான் பட்டுச்சேலை கெட்டுனதுக்கு ஒரு போட்டோவாவது எடுங்க."

என் வீட்டுக்காரர்கள்

போட்டோவில் நானும் நின்றேன். ஆனால் பல்லைக் காட்டவில்லை. ஊரார் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், என் பேரன் வரவில்லை. போதுமான பிள்ளைகள் சேர்ந்தார்களா என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் வேணும்ணே" என்றுதான் மேடம் சொன்னார். மலர்விழி டீச்சர் என்னிடம் என் பேரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மெட்ரிக் பள்ளியில் பிள்ளையோடு பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று மருமகள் கலா மட்டும் பையனைக் கூட்டிக்கொண்டு போனாள். மதியத்துக்குள் திரும்பி வந்தாள். வந்தவள் பையனின் ஷூவைக் கழற்றி மூலையில் வீசியதைப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. என் மனைவி மெதுவாக விசாரித்தாள். வீட்டில் யார் யார், என்ன வேலை என்று தாளாளர் கேட்டாராம். மாமனார் மைக் செட்டு வைத்திருக்கிறார் என்று இவள் சொன்னாளாம். "ஓ, அந்த ஆளா" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து அவர் சிரித்தாராம். இவள் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கலாவே பையனைக் கூட்டிப்போய் நடுநிலைப் பள்ளியில் சேர்த்தாள். நான் சந்தோஷத்தை வெளியில் காட்டாமல், "எனக்காக ஒண்ணும் நீ சேக்க வேணாம்மா" என்றேன். "உங்களுக்காக இல்ல மாமா" என்றாள் அவள். "தெனமும் உங்களை நானே திட்டிகினுதான் கீறேன். நம்ம வூட்டு ஆளை நாம திட்டுவோம், சிரிப்போம். அவரு யாரு சிரிக்கறதுக்கு?"

ரெண்டு பஸ்

கோடை லீவுக்குப் பள்ளி மூடும் கடைசி நாள், பரிசு கொடுக்க மைக் கட்டினேன். எல்லாப் பரிசும் கொடுத்து முடித்த பிறகு சரோஜா மேடம் மைக்கைக் கையில் எடுத்து ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு, "ஒண்ணாவதுக்கு வேண்டிய பிள்ளைங்க வந்துட்டாங்க. ஜூன்லயும் மலர்விழி டீச்சர் நம்ம ஸ்கூல்லதான்" என்றார். கோ-கோ பெண்கள் போட்ட கூச்சலில் என் பெட்டியில் சத்தம் மீறினால் எரியும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. மலர்விழி டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெயில் என்று சொன்னார்.

எல்லாரும் போன பிறகு நானும் ஏகாம்பரமும் வயர் சுற்றிக்கொண்டிருந்தோம். டீச்சர் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். சும்மா பேச்சுக்கு, "உபரின்னு போட்டிருந்தா எந்த ஊருக்குப் போயிருப்பீங்க டீச்சர்?" என்று கேட்டேன். "பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல இடம் காலியா இருந்துச்சுண்ணே. எங்க வீடு ஐயப்பன்தாங்கல். அங்கேன்னா ஒரே பஸ். இங்கே வர ரெண்டு பஸ் மாறணும், இவனையும் தூக்கத்துல எழுப்பி இழுத்துக்கிட்டு வரணும்" என்றார். ஏகாம்பரம் கையிலிருந்த வயரைக் கீழே போட்டுவிட்டான். "அப்ப இன்னாத்துக்கு டீச்சர் அந்த வெயில்ல என் வண்டியில நின்னுகினு கத்துனீங்க? சும்மா வுட்டிருந்தா வூட்டாண்டயே போயிருப்பீங்களே!"

டீச்சர் பையனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "தெருத்தெருவா நின்னு, வாங்க, பிள்ளைங்களை நான் பாத்துக்கிறேன்னு கூப்பிட்டுட்டேனேண்ணே. அவங்க வர்றப்போ நான் இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

இத்தனை வருஷம் எத்தனையோ பேர் பேச்சுக்கு மைக் கட்டியிருக்கிறேன், ஒருத்தர் சொன்னதில் குறை கண்டுபிடிக்க முடியாமல் வீடு போய்ச் சேர்ந்தது அன்றைக்கு மட்டும்தான், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.