தாவர சாஸ்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாடம்

இரண்டாவது கட்டம்

"சொல்லும்வே, பின்னால ஆள் நிக்கி."

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாத்தியார் பேனாவைப் பாரத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாரத்தில் இரண்டு கட்டங்கள். 'பட்டம்' என்ற கட்டத்தில் 'தாவர சாஸ்திரம்' என்று எழுதியாகிவிட்டது. 'வியாபாரப் பாடம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. ஏற்றுமதி ஆபீஸ் குமாஸ்தா வேலையின் குணம் அப்படி: பட்டம் உள்ளவனை வாசல்வரை விடும், உள்ளே வர இன்னொரு சர்டிபிகேட் கேட்கும். பட்டத்தை வாங்கிவிட்டு அதற்குப் பக்கத்தில் ஒட்டவைக்க ஒரு பாடம் தேடி அலைந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

நான்கு பாடங்கள் இருந்தன. புக்கீப்பிங் எடுக்கும்படி வீட்டில் உத்தரவு. டைப், சுருக்கெழுத்து இரண்டையும் சிநேகிதர்கள் சிபாரிசு செய்தார்கள். நாலாவது கமர்ஷியல் கரஸ்பாண்டன்ஸ், வியாபாரக் கடிதம் எழுதும் பாடம். அதை யாரும் சொல்லவில்லை. பாளையங்கோட்டைக் காலேஜில் மூன்று வருஷம் இலைகளை அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, கீழே பத்து வரி எழுதியிருக்கிறேன். செடியைப் பார்த்திராத ஒருவன் அந்தப் பத்து வரியைப் படித்துவிட்டுக் காட்டுக்குள் போய் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு உருப்படியாகத் தெரிந்த காரியம் அது ஒன்றுதான். பார்க்காதவனுக்குப் புரியும்படி எழுதுவது. கடிதமும் அதே வேலைதானே என்று தோன்றியது. நாலாவதைச் சொன்னேன்.

வாத்தியார் எழுதி, மையை ஒற்றி எடுத்தார். "கணக்குத் தெரிஞ்சவனுக்கு நாற்காலி போடுவான். லெட்டர் எழுதுதவனுக்கு ஸ்டூல்தான். பொறவு என்னைய வந்து கேக்கப்படாது."

ஆறு மாசம்

அப்பாவுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். மாமாவுக்குக் கொழும்பில் கடை. பட்டம் வாங்கிய நாளிலிருந்து மாமா மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார், பையனை அனுப்பிவைக்கச் சொல்லி. கொழும்பு போவதில் குறைவு ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான். ஆனால் போனவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து சொன்ன செய்தியெல்லாம் கடையைப் பற்றித்தான். கொழும்பில் என்ன மரம் இருக்கிறது என்று நான் கேட்டதற்கு மாமா, "கடைக்குப் பின்னால ஒரு மரம் நிக்கி" என்றார்.

எட்டு மாதம் படித்து, கடிதப் பாடத்தில் சர்க்கார் பரீட்சை பாஸாகி, ஐப்பசி கடைசியில் நிலாவரை ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். நிலாவரை என்பது வெள்ளைக்காரன் சென்னா என்று சொல்கிற பேதி இலை. உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்தன, லண்டனிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆறு மாதம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம் என்று கம்பெனியில் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரனுக்கு வயித்தால போறதுக்கு நீ லெட்டர் எழுதணுமாக்கும்," என்றார். பிறகு, "சரி, ஆறு மாசம். வேலை நெலைக்கலைன்னா கொழும்புக்குக் கப்பலேறிரணும். அங்கன போயி இலை, கொடின்னு பேசப்படாது."

நாலு வரி

முதலாளி பேசுவார், நான் எழுத வேண்டும். முதல் வாரம் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். தன் தகப்பனார் காலத்திலிருந்து நல்ல சரக்கு மட்டுமே அனுப்புவது, போன வருஷம் மழை ஏமாற்றியது, கப்பல்காரன் நங்கூரம் போட்ட இடத்துக்குத் தோணி போய்ச் சேருவதில் உள்ள சிரமம், லண்டன்காரர்களின் குடும்ப க்ஷேமம் எல்லாம் அதில் இருந்தன. நான் எழுதியது: உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்ட சரக்கு இருக்கிறது. இந்தக் கப்பலில் அனுப்புகிறோம். மாதிரி இலை தனியே வருகிறது.

எங்கள் ஆபீஸில் ரைட்டர் இன்னாசி. பெரிய குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இருபது வருஷ சர்வீஸ், கணக்குப் புலி. கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தந்தியா, லெட்டரா?" என்று கேட்டார். முதலாளிக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெரியும். தாளைத் திருப்பிப் பின்புறமும் பார்த்தார்.

"ஏம்வே, ஸ்டாம்பு ஒரே ஸ்டாம்புதான. இன்னும் நாலு வரி எழுதினா ஒம்ம கை தேஞ்சா போவும்?"

ஒரு நாள் படிப்பு

ஆபீஸ் மாடியில். கீழே கிடங்கு. அங்கே முப்பது பெண்கள் உட்கார்ந்து இலை தரம் பிரிப்பார்கள். வேலை இல்லாத நேரம் கீழே இறங்கி இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களுக்கு அது வேடிக்கை. "ஐயா இலைய எண்ணுதாரு, வாயாடாதீங்க, தப்பிப் போவும்" என்பாள் ஒருத்தி.

அவர்களுக்குத் தலைவி மாதிரி பேச்சியம்மாள். கயத்தாறுப் பக்கத்துக் கிராமம். ஊரிலிருந்து பத்துப் பெண்களைக் கூட்டிவந்து மாப்பிள்ளையூரணியில் குடிசை போட்டிருந்தாள். பார்க்காமலே விரலால் இலையைத் தடவி மூன்று குவியலாகப் போடுவாள். நான் ஒருநாள் இலையின் அடியைக் காட்டி, நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் தாழ்ந்து இருக்கிறது பாருங்கள், இதை வைத்துத்தான் நிலாவரையை அடையாளம் சொல்லுவோம் என்றேன்.

"ஒருச்சாஞ்ச இலை. அது தெரியாமலா ஒக்காந்திருக்கோம்? இதுக்கு எத்தன வருசம் படிச்சிய?"

"மூணு வருஷம்."

அவள் கை நிற்கவில்லை. "எனக்கு ஒரு நாள்ல வந்துட்டு, தம்பி."

லண்டன் உறை

சித்திரை பிறந்து சில நாள் கழித்து அந்த ஏர்மெயில் உறை வந்தது. கடிதம் ஒரு பக்கம்தான். தை மாதக் கப்பலில் வந்த சிப்பங்களில் வேறு இலை கலந்திருக்கிறது, மாதிரி இணைத்திருக்கிறோம், தகுந்த விளக்கம் வராவிட்டால் முப்பத்தாறு சிப்பத்தையும் ஏற்க மாட்டோம், இனி உங்களிடம் வாங்கவும் மாட்டோம். எனக்கு ஆறு மாதம் முடிய இருபத்தெட்டு நாள் பாக்கி. கம்பெனியின் கடிதக்காரனுக்கு வேலையே அந்த லண்டன்காரர்களை வைத்துத்தான்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போய், திரும்பி வந்து உட்கார்ந்தார். "எந்த ஏவாரி கலந்தான்னு கண்டுபிடிங்க" என்றார். நிலாவரையில் ஆவாரை இலையைக் கலக்கிற தரகர்கள் உண்டு. இரண்டும் தூரத்துப் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்.

இன்னாசி மெதுவாகச் சொன்னார்: "கண்டுபிடிச்சி என்ன செய்ய? மன்னிச்சிக்கிடுங்க, கெடச்ச வெலைக்கு எடுத்துக்கிடுங்கன்னு எழுதிப் போடுவோம். இதுக்கு இங்கிலீசு நாலு வரிதான். தம்பிக்குக் கைவந்த கலை."

வேப்பிலை

மாதிரிப் பொட்டலத்தை என் மேஜையில் கொட்டினேன். ஆவாரை இலை இருந்தது. காய்ந்து சுருண்ட மஞ்சள் பூவும் இருந்தது. ஏமாற்றுகிறவன் இலையைக் கலப்பான், பூவை எதற்குக் கலக்கிறான்? அடுத்து, விளிம்பில் ரம்பப்பல் வைத்த ஓர் இலைத் துண்டு. வேப்பிலை. பார்வையில்லாதவன்கூடத் தடவிச் சொல்லிவிடுவான், அதைக் கலந்து யாரை ஏமாற்ற முடியும்? கடைசியாக, வெள்ளைப் பஞ்சு ஒட்டிய ஒரு சின்னக் குச்சி. பீளைப்பூ. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாள்தான் வரும்.

கீழே போய்ப் பேச்சியம்மாளிடம் கேட்டேன். மறைக்க வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றவே இல்லை. பொங்கலுக்கு முந்தின நாள்தான் அந்தக் கப்பலுக்கு உரிய முப்பத்தாறு சிப்பங்களையும் மெஷினில் அழுத்தினார்கள். அன்று அவர்கள் ஊரில் காப்புக் கட்டுகிற நாள். வேப்பிலை, ஆவாரம்பூ, பீளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வீட்டுக் கூரையில் செருகுவார்கள். ஊருக்குப் போக லீவு கிடைக்காததால் இங்கேயே கட்டிவிட்டார்கள், சிப்பத்துக்கு ஒரு கொத்து, சாக்குத் தைக்குமுன் வாயில் வைத்து.

"வீட்டுக்குக் கட்டுதோம், தொழுவுக்குக் கட்டுதோம், வண்டிக்குக் கட்டுதோம். கடல் தாண்டிப் போறது இது. இதுக்குக் கட்டாண்டாமா?"

பதிமூன்று வரி

மாடியில் மூன்று பேரும் விவாதித்தோம். நடந்ததை அப்படியே எழுதிவிடலாம் என்று நான் சொன்னது இன்னாசிக்குப் பிடிக்கவில்லை. "காப்பாம், கட்டாம். லண்டன்ல ஒக்காந்து சிரிப்பான். ஏவாரி கலந்துட்டான், அவனை நிறுத்திட்டோம்னு எழுதினா மரியாதையா இருக்கும்." முதலாளி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் எழுதினேன். இந்தக் கடிதத்துக்கு முதலாளி பேசவில்லை. முதல் வரியில், நீங்கள் கண்டது உண்மை, தவறு எங்களுடையது என்று போட்டேன். பிறகு மூன்று செடிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: இலையின் விளிம்பு, அடி, பூவின் நிறம், நிலாவரையிலிருந்து எப்படி வேறுபடும் என்று. பிறகு மூன்று வரி: எங்கள் ஜில்லாவில் அறுவடைத் திருநாளுக்கு முந்தின நாள் இந்த மூன்றையும் கட்டி, மதிப்புள்ளவற்றுக்குக் காவலாக வைப்பார்கள். எங்கள் கிடங்குப் பெண்கள் உங்கள் சரக்கையும் அப்படி மதித்துவிட்டார்கள். கடைசி மூன்று வரி: கலப்படம் என்றால் சிப்பம் முழுவதும் இருக்கும். இது சிப்பத்தின் வாயில் ஒரு கொத்து மட்டும் இருக்கும். எந்தச் சிப்பத்தை வேண்டுமானாலும் அடிவரை பிரித்துப் பாருங்கள், அதற்குக் கீழே ஒரு வேப்பிலை இருந்தாலும் முப்பத்தாறையும் திருப்பி அனுப்புங்கள்.

முதலாளி விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. அடியில் ஒன்றும் இருக்காது என்பது எனக்கு நிச்சயமா என்று கேட்டார். பேச்சியம்மாள் தரம் பிரித்த இலை என்றேன். கையெழுத்துப் போட்டார்.

"இது பலிக்கலைன்னா நீரு கொழும்பு போறதுக்கு நானே டிக்கட் எடுத்துத் தாரேன். அப்பாகிட்டச் சொல்லிரும்."

முப்பத்தாறு

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் இன்னாசி என்னிடம் ரொம்ப அன்பாக இருந்தார். கொழும்பில் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரித்துச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது உறை வந்தது. முதலாளி பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். நின்றபடி தமிழில் சொன்னேன்: முப்பத்தாறு சிப்பங்களையும் அடிவரை பிரித்துப் பார்த்தோம். வாயில் இருந்த கொத்தைத் தவிர எல்லாம் சுத்தமான நிலாவரை. சரக்கை ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த அறுவடை முழுவதையும் உங்களிடமே வாங்க விரும்புகிறோம். எங்கள் இலைப் பரிசோதகர் இவ்வளவு தெளிவான கடிதத்தை எந்த ஏற்றுமதியாளரிடமிருந்தும் பெற்றதில்லை என்கிறார். இதை எழுதியவரே இனியும் எங்களுக்கு எழுதட்டும்.

"இன்னொரு தரம் வாசியும்" என்றார் முதலாளி. வாசித்தேன். மூன்றாவது தடவைக்கு என்னைக் கீழே கிடங்குக்கே கூட்டிப்போய்விட்டார். முப்பது பெண்களும் வேலையை நிறுத்திக் கேட்டார்கள். "நாளையிலேருந்து இவரு நெரந்தரம்" என்று அங்கேயே அறிவித்தார், அவர்களிடம் சம்மதம் கேட்பதுபோல. பிறகு பேச்சியம்மாளைப் பார்த்துக் குரலைக் கொஞ்சம் கடுமையாக்கி, இனிமேல் கொத்தைச் சிப்பத்துக்கு வெளியே கட்ட வேண்டும் என்றார். அவள் எழுந்து நின்று தலையாட்டினாள்.

"கட்டுதோம், அண்ணாச்சி. ஆனா ஒண்ணு, கட்டின காப்பு வேலை செஞ்சிருக்கு பாத்தியளா."

இன்னாசியின் விசாரணை

மறுவாரம் இன்னாசி என் மேஜைக்கு வந்து, மைக்கூட்டைத் திறந்து பார்த்து மூடினார். "அந்த நாலாவது பாடம், சாயங்காலம் எத்தன மணிக்கு எடுக்காக?"

"ஆறு மணிக்கு. யாருக்கு?"

"மவளுக்கு. ஸ்கூல் பைனல் முடிச்சிட்டு சும்மா இருக்கா." கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். "ஒத்தையில அனுப்ப முடியாதுல்லா. நானும் கூட ஒக்காருவேன்."

மூன்று வருஷம் இலையைப் படித்து, எட்டு மாதம் கடிதத்தைப் படித்து, கடைசியில் நான் ஜெயித்தது இரண்டு பாடத்திலும் இல்லாத ஒரு கேள்வியில்: பூவை எதற்குக் கலக்கிறான்?

நிரந்தரமான சேதியைச் சொன்னபோது அப்பா "ம்" என்றார். மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது, கொழும்புப் பயணத்துக்கென்று புதிதாக வாங்கிவைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்துவைத்து, அதில் கடைக் கருப்பட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.